சூளையில் சுட்ட தேதிகள்

தேதிக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. இதை விலங்கியல் பாடத்தில் தேட வேண்டாம். டீக்கடை பெஞ்சிலும் கல்யாண மண்டபத்தின் முன்வரிசையிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் தாராளமாகக் காணலாம். அடையாளம் ஒன்றுதான். அடுத்தவர் செய்கிற வேலை என்றைக்கு முடியும் என்று இவருக்குத் தெரியும். அதைச் செய்துகொண்டிருப்பவருக்குத் தெரியாது.

மேம்பாலம் எப்போது திறக்கும், எதிர்வீட்டு மருமகளுக்கு எந்தக் கிழமை வலி எடுக்கும், தாலுகா ஆபீஸில் கிடக்கிற பட்டா எந்த வாரம் கைக்கு வரும், பரீட்சை எழுதியவனுக்கு முடிவு எப்போது வரும், முடிவு வந்தபின் வேலை எப்போது வரும், வேலை வந்தபின் பெண் எப்போது கிடைக்கும் என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, "எழுதி வச்சுக்குங்க" என்று முடிப்பார். யாரும் எழுதி வைத்துக்கொண்டதில்லை. அவருக்கும் அது தெரியும். அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறார்.

சொன்ன நாளில் நடக்காவிட்டால் வருந்துவாரா? மாட்டார். தேதி ஒருபோதும் தவறுவதில்லை. வேலைதான் தேதியை விட்டுத் தவறிவிடுகிறது.

இந்த இனத்தில் நல்ல வளர்த்தியான ஒருவரைப் பார்க்க விரும்புகிறவர்கள் விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து, செராமிக் எஸ்டேட்டில் கொளஞ்சிநாதன் பட்டறை என்று கேட்டால் போதும். மின்சார ஃப்யூஸ் கட்டைகளும் டீ கப்புகளும் செய்கிறவர். களிமண்ணை அச்சில் வார்த்து, காய வைத்து, மேல்பூச்சு பூசி, சூளையில் சுட்டு எடுக்கிற தொழில். தொழிலில் கெட்டிக்காரர், நாணயமானவர். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், எப்போது சரக்கு கொடுப்பார் என்பதைத் தவிர.

ஆமாம், இதுதான் இந்த இனத்தின் இரண்டாவது அடையாளம். தன் வேலைக்கு மட்டும் தேதி சொல்ல மாட்டார்.

பெண்ணாடத்திலிருந்து பாலகிருஷ்ணன் என்பவர் வந்திருந்தார். கரும்பு விவசாயி. புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, பெயர் பொறித்த கப்புகள் கேட்டிருந்தார்.

"எப்பங்க கெடைக்கும்?"

"காஞ்சதும் சூளைக்குப் போவும்."

"எப்ப காயும்?"

"வெயில் அடிக்கணும்ல."

"சரி, சூளைல வச்சா எப்ப எடுப்பீங்க?"

"ஆறினதும்."

"எப்ப ஆறும்னு சொன்னீங்கன்னா, நான் பத்திரிகை அடிக்கறதுக்கு..."

"அதைச் சூளையத்தான் கேக்கணும். அதுக்குக் காலண்டர் தெரியாதுங்க. அவசரப்பட்டுக் கதவத் தொறந்தா, வெளிக்காத்து பட்டதும் டிங்கு டிங்குனு அத்தினியும் விரிசல் வுட்டுரும். உங்களுக்கு நாள் முக்கியமா, கப்பு முக்கியமா?"

பாலகிருஷ்ணன் யோசித்துப் பார்த்து, கப்புதான் என்று ஒப்புக்கொண்டு, பெண்ணாடம் பஸ்ஸைப் பிடித்துப் போனார். அடுத்த வாரம் மறுபடி வந்தார்.

இப்படிப்பட்ட கொளஞ்சிநாதனின் ஒரே மகள் வேல்விழிக்குத்தான் விமான நிறுவனம் ஒன்றில் பைலட் வேலை கிடைத்தது.

சின்ன விமானங்களில் பழகி உரிமம் வாங்கியவள் அவள். பெரிய விமானத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறப்பது வேறு. அதற்கு நிறுவனமே ஐதராபாத்தில் வைத்துப் பயிற்சி தருகிறது. முதலில் வகுப்பறை. பிறகு சிமுலேட்டர் என்கிற, தரையை விட்டு எழும்பாத விமானம். அதில் ஒரு டெஸ்ட். பிறகு ஆளில்லாத நிஜ விமானத்தை ஏற்றி இறக்கிப் பார்ப்பது, உரிமத்தில் அதைப் பதிவது, ஓட்டுகிறவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது, அப்புறம் சொல்லிக்கொடுக்கிற கேப்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுவது, கடைசியாக இன்னொருவர் வந்து சோதித்து, சரி போ என்பது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் காத்திருப்பு. சிமுலேட்டர் கொஞ்சம்தான், ஆட்கள் அதிகம்.

"எல்லாம் சுமாராத்தாம்ப்பா சொல்வாங்க. எடம் கெடைக்கறதப் பொறுத்து முன்னப்பின்ன ஆவும்" என்று வேல்விழி ஐதராபாத்துக்குப் புறப்படும்போதே சொன்னாள்.

கொளஞ்சிநாதன் காதில் 'சுமார்' என்ற சொல் விழுந்ததில்லை. அந்த இடத்தில் அவருக்கு வேறு ஏதோ சத்தம் கேட்கும்.

மறுநாள் விருத்தாசலம் பாலக்கரையில் ஆசீர்வாதத்தின் டீக்கடையில் அறிவித்துவிட்டார். "தீபாவளியன்னிக்கு வேல்விழி மொத ப்ளைட்டு. எழுதி வச்சுக்குங்க."

சொன்னதோடு நிறுத்தியிருந்தால் அவர் சாதாரணத் தேதிக்காரர். உலகத்தில் உள்ள எல்லாத் தேதிக்காரர்களும் வாயால் சொல்கிறவர்கள். காற்றோடு போய்விடும். ஆனால் இது செராமிக் ஊர். இங்கே ஒன்றைக் கொண்டாடுவது என்றால் அதைக் கப்பில் போட்டுச் சுடுவது என்று பொருள். பள்ளி ஆண்டுவிழா, கபடிப் போட்டி, காதுகுத்து எல்லாமே கப்பில் ஏறியிருக்கின்றன. கொளஞ்சிநாதன் நீல நிறத்தில் ஒரு விமானம், அதன் கீழே மகள் பெயர், அதன் கீழே 'முதல் பறப்பு – தீபாவளித் திருநாள்' என்று எழுத்து ஒட்டி, ஆண்டையும் மறக்காமல் சேர்த்து, ஒரு சூளை நிறையச் சுட்டுவிட்டார். சூளையில் ஏறிய எழுத்து தேய்த்தாலும் போகாது, சுரண்டினாலும் போகாது. அதுதான் அவர் சரக்கின் பெருமை.

வேல்விழியோ வகுப்பறையில் இருந்தாள். தீ பிடித்தால் கதவை எப்படித் திறப்பது, பயணிகளை எப்படி இறக்குவது என்று படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் நீச்சல் குளத்தில் தள்ளி ரப்பர் படகில் ஏறச் சொன்னார்களாம்.

"ப்ளைட்டு ஓட்டப் போன பொண்ண எதுக்குண்ணே தண்ணில எறக்கறாங்க?" என்றார் ஆசீர்வாதம்.

"கடல்ல வுழுந்துட்டா?"

"வுழுவுமா?"

"வுழாது."

"அப்பறம்?"

"வுழுந்தா என்னா பண்றதுன்னு தெரிஞ்சவந்தான் வுழாம ஓட்டுவான். டீயப் போடு."

தீபாவளி வந்தது. பறப்பு என்ன ஆயிற்று என்று மகளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தேதிக்காரர்கள் விசாரிப்பதில்லை, அறிவிப்பார்கள். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டையோடு ஒரு கூட்டம் பட்டறையின் மொட்டை மாடியில் நின்றது. கையில் ஆளுக்கொரு கப். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற விமானம் ஊருக்கு மேலே போகும் என்று கொளஞ்சிநாதன் சொல்லியிருந்தார். உண்மையாகவே ஒன்று போனது. மிக உயரத்தில், வெள்ளைப் புள்ளியாக. எல்லாரும் கையாட்டினார்கள். ஒருவர் சரவெடியைப் பற்ற வைத்தார்.

அந்த நேரத்தில் கொளஞ்சிநாதனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, ஹேப்பி தீபாவளிப்பா. இப்பத்தான் எழுந்தன். இங்க ஹாஸ்டல்ல இட்லி கூட இல்ல."

மாடியில் இருந்தவர்கள் போனைப் பார்த்தார்கள். வானத்தைப் பார்த்தார்கள். வெள்ளைப் புள்ளி இன்னும் மறையவில்லை.

"ப்ளைட்டுல ஹாஸ்டல் இருக்குதாண்ணே?" என்று ஆசீர்வாதம்தான் கேட்டார். கிண்டல் இல்லை, சந்தேகம்தான்.

கொளஞ்சிநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சிமுலேட்டர்ல எடம் காலி இல்லியாம். பொங்கலுக்குப் பறக்கறா. எழுதி வச்சுக்குங்க."

அவர் மனைவி பானுமதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கீழே வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார். "வருஷத்தப் போடாம வுட்டிருந்தீங்கன்னா, அடுத்த தீபாவளிக்காச்சும் ஆவும்."

மிச்சம் இருந்த கப்புகளை என்ன செய்வது? ஆசீர்வாதத்தின் கடைக்குப் போயின. அவர் அதுவரை கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தவர். இவை பார்க்க லட்சணமாக இருந்தன. ஆனால் அவருக்கு ஒரு மனக்குறை.

"தீபாவளிக்குப் போட்டீங்க, பொங்கலுக்குப் போடறீங்க. நடுவுல எங்க கிறிஸ்மஸ் ஒண்ணு வருது. அன்னிக்குப் பறந்தா ஆவாதா?"

"அன்னிக்கு லீவு வுட்டுட்டாங்களாம்யா."

"வானத்துக்கா?"

பொங்கல் கப் கொஞ்சம் பெரிதாக அமைந்துவிட்டது. கரும்புப் படமும் சேர்ந்தது. பொங்கலும் வந்தது. வேல்விழி அன்றைக்கும் பறக்கவில்லை. இந்த முறை சிமுலேட்டருக்குள் இருந்தாள். மொட்டை மாடிக்கு யாரும் வரவில்லை. அந்தக் கப்புகளும் பாலக்கரைக்குப் போயின. அதிலிருந்து கடையில் ஒரு புது பாஷை உண்டாயிற்று.

"ஆசீர்வாதம், தீபாவளில ரெண்டு டீ, ஒண்ணு சக்கர இல்லாம."

"எனக்குப் பொங்கல்ல குடு. தீபாவளில கொஞ்சமாத்தான் புடிக்குது."

இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். ஊரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. சிரிப்பவர்கள் கேலி செய்கிறோம் என்று நினைக்கவில்லை, அன்பாகத்தான் குடித்தார்கள். ஆனால் நம் பெயர் எழுதிய கப்பில் நாம் செய்யாத வேலையை ஊரே குடித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

அது வேல்விழிக்குக் காணும் பொங்கலன்று தெரிந்தது. டெஸ்ட்டுக்கு முன் இரண்டொரு நாள் விடுப்பு கொடுத்திருந்தார்கள். ஜங்ஷனில் இறங்கி நடந்து வந்தவள் பாலக்கரையில் டீ குடிக்க நின்றாள். ஆசீர்வாதம் மிகுந்த மரியாதையோடு புதிதாக ஒரு பொங்கலை எடுத்துக் கழுவி, பாலை அதிகம் ஊற்றிக் கொடுத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள்.

"எம்மா, அடுத்து எப்ப?"

"மாசி மகம்னு அப்பா சொன்னாரே. உறுதிதான?"

"அன்னிக்கு ஊரே திருவிழாவுல இருக்கும். பழமலைநாதர் தேரு மேல ஒரு ரவுண்டு அடிச்சுட்டுப் போயேன்."

அவள் சிரித்தாள். டீயைப் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டாள்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். சமையலறையில், அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, அரிவாள்மனையைப் பார்த்துச் சொன்னாள். விமானம் தரையை விட்டு எழும்புகிற நொடியில் ஒரு இன்ஜின் நின்றுபோனால் எதிர்ப்பக்கத்து மிதியை உடனே அழுத்த வேண்டும். அவள் கால் கொஞ்சம் தாமதிக்கிறது. சில முறை சரியாக வருகிறது, சில முறை விமானத்தின் மூக்கு திரும்பிவிடுகிறது. சொல்லிக்கொடுப்பவர் நல்ல மனிதர். டெஸ்ட்டுக்கு முன்னால் இன்னொரு வகுப்பு வேண்டுமானால் கேள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, ஆனால் நீயாகக் கேட்க வேண்டும், லீவு முடிவதற்குள் சொல்லிவிடு என்றிருக்கிறார். கேட்டால் டெஸ்ட் தள்ளிப் போகும். கேட்காமல் போய்த் தவறினால் இன்னொரு முறை தருவார்கள். அதிலும் தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"அப்ப கேளேன்."

"கேட்டா மாசி மகம் போயிடும்மா."

"மாசி மகம் எங்கடி போவுது? வருஷா வருஷம் வருது."

"அப்பா கப்பு அடிச்சுட்டாரும்மா. சூளைல இருக்குது."

"இருந்தா இருக்கட்டும். ஊர்ல இருக்கற கப்போட அதுவும் ஒண்ணு."

"உனக்கு ஈஸியா இருக்குது. இன்னொரு தடவ தள்ளிப் போச்சுன்னா அவரு பாலக்கரைல தலகாட்ட முடியாதும்மா. நான் சமாளிச்சுடுவேன். கால் சில நேரம் கரெக்டாத்தான் போவுது."

பானுமதி கணக்கு டீச்சர். 'சில நேரம்' என்பதை அவர் எந்த விடைத்தாளிலும் ஏற்றுக்கொண்டதில்லை. ஆனாலும் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, குழம்பில் உப்புப் போட்டார். ஏற்கெனவே போட்டிருந்தது நினைவில்லை.

மறுநாள் வேல்விழிக்குச் சாயங்கால ரயில். காலையில் பட்டறையில் கொளஞ்சிநாதன் சூளைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தீ அணைத்துவிட்டார்கள், கதவு மூடியிருந்தது. உள்ளே மாசி மகக் கப்புகள். தேர்ப் படமும் விமானப் படமும் அருகருகே. மேலே இருந்த அடுக்குகளில், வாரா வாரம் வந்து கேட்டுக்கொண்டிருந்த பாலகிருஷ்ணனின் கிரகப்பிரவேசக் கப்புகள். பாலகிருஷ்ணனும் வழக்கம்போல் வந்திருந்தார். ஆனால் இன்று எதுவும் கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லை என்று பழகிவிட்ட மனிதர், ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

வேல்விழி அப்பாவிடம் சொல்லிக்கொள்ள வந்தாள்.

"வந்துட்டியா? இரு. கப்பு எடுத்துத் தரேன். ஒரு பெட்டி கட்டி எடுத்துட்டுப் போ. கூடப் படிக்கற புள்ளைங்களுக்கு, சொல்லிக்குடுக்கறவருக்கு, டெஸ்ட்டு வைக்கற ஆஃபீசருக்கு. அவருக்கு ரெண்டா குடு."

"டெஸ்ட்டு வைக்கறவருக்கா?"

"ஆமா. தேதி போட்டிருக்குதில்ல. அவருக்கும் ஒரு ஞாபகம் இருக்கும்."

வேல்விழி, தன்னைச் சோதிக்கிற அதிகாரியின் மேஜையில், தான் இன்ன நாளில் பறந்துவிட்டதாகச் சொல்லும் கப் நிற்பதை ஒரு கணம் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

கொளஞ்சிநாதன் சூளைக் கதவின் அருகே கையை நீட்டினார். சூடு தாங்காமல் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

பாலகிருஷ்ணன் பேப்பரைத் தாழ்த்தினார். "என்னங்க பண்றீங்க?"

"தொறக்கறங்க."

"ஆறிடுச்சா?"

"ஆறின மாதிரிதான்."

"மாதிரியா?" பாலகிருஷ்ணன் எழுந்துவிட்டார். "என்னோட கப்பும் உள்ளதானங்க இருக்குது?"

"உங்களுதும்தான். நீங்கதான் அவசரம் அவசரம்னீங்க."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லங்க. பந்தல்காரங்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஆறட்டும். காத்து பட்டா டிங்கு டிங்குனு போயிடும்னு நீங்கதான சொன்னீங்க? எனக்கு நாள் வேணாம்ங்க, கப்புதான் வேணும்."

"அது வேற கப்புக்குச் சொன்னது."

"சூளைக்குக் காலண்டர் தெரியாதுன்னீங்க."

"புள்ளைக்கு ரயில் இருக்குதுங்க" என்றார் கொளஞ்சிநாதன்.

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எந்த வாடிக்கையாளருக்காகவும், எந்தக் கல்யாணத்துக்காகவும், எந்த அமைச்சர் வருகைக்காகவும் சூளையை முன்கூட்டித் திறக்காதவர், கைக்குச் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, தாழ்ப்பாளை இழுத்தார்.

வெப்பம் முகத்தில் அடித்தது. தை மாதத்துக் குளிர்காற்று வாசல் வழியாக உள்ளே போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அடுக்குகளில் கப்புகள் பளபளவென்று, தேரும் விமானமும் நீலமாக, அழகாக நின்றன. கொளஞ்சிநாதன் பாலகிருஷ்ணனைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

டிங்.

எங்கோ பின்வரிசையில். மெல்லிய சத்தம்தான். கோயிலில் யாரோ சின்ன மணியை விரலால் தட்டினது போல.

டிங். டிங்.

பிறகு இங்கேயும் அங்கேயும், மேலடுக்கிலும் கீழடுக்கிலும், ஒன்று முடிவதற்குள் இன்னொன்றாக. மூன்று பேரும் நின்று கேட்டார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. கதவை மறுபடி சாத்தினாலும் அது நிற்காது என்று கொளஞ்சிநாதனுக்குத் தெரியும். இருந்தும் சாத்தினார். உள்ளே சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"என்னுது மேலடுக்குதானங்க?" என்றார் பாலகிருஷ்ணன் மெதுவாக.

வேல்விழி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். காய வைத்த ஃப்யூஸ் கட்டைகளுக்கு நடுவே நின்று பேசுவது சன்னல் வழியாகத் தெரிந்தது. ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திப் பேசினாள். எஸ் சார் என்று பல தடவை சொன்னாள். திரும்பி வந்தபோது முகம் கழுவினது போல இருந்தது.

"அப்பா, எனக்கு இன்னொரு கிளாஸ் வேணும்னு சொல்லிட்டேன். டெஸ்ட்டு தள்ளிப் போவுது."

"எவ்ளோ தள்ளி?"

"எடம் கெடைக்கறதப் பொறுத்து."

"அப்ப மாசி மகம்?"

"ஆவாதுப்பா."

கொளஞ்சிநாதன் வாயைத் திறந்தார். பங்குனி உத்திரம் என்றோ சித்திரைப் பிறப்பு என்றோ ஏதோ ஒன்று நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. பாலகிருஷ்ணன்கூட அதை எதிர்பார்த்துக் காத்திருந்தார். சூளைக்குள்ளிருந்து இன்னொரு டிங் கேட்டது.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

"எதுலம்மா தகராறு?" என்று கேட்டார். வேலை கிடைத்த நாளிலிருந்து அவர் மகளிடம் கேட்ட, தேதி கலக்காத முதல் கேள்வி அது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, தரையில் கால் வைத்து, எந்த மிதி, எப்போது, ஏன் தாமதம் என்று காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் ரயில் நேரம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார இடமில்லாததால் பாலகிருஷ்ணன் நின்றார்.

மறுநாள் காலை பாலக்கரையில் கடை நிரம்பியிருந்தது.

"என்னண்ணே, மாசி மகம் உறுதிதான?" என்று ஆசீர்வாதம் கேட்டார்.

"தெரியல" என்றார் கொளஞ்சிநாதன்.

கடையில் ஒருவர் கையிலிருந்த தீபாவளியை மெல்ல பெஞ்சில் வைத்தார்.

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியலதான். ஆனதும் ஆவும்."

"ஒரு உத்தேசமாச் சொல்லுங்கண்ணே."

"புள்ள சொல்லட்டும்."

டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இதோடு இந்தச் சித்திரம் முடிந்திருக்க வேண்டும். மனிதர் திருந்திவிட்டார் என்று நாமும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் ஓர் ஊரில் ஒரு தேதி காலியாக இருந்தால் அது அப்படியே இருக்குமா? கொளஞ்சிநாதன் தெரு முனை திரும்புவதற்குள் ஆசீர்வாதம் வடிகட்டியைத் தட்டிவிட்டுச் சொன்னார்.

"நான் சொல்றேன் பாரு. ஈஸ்டருக்குள்ள பறந்துரும் அந்தப் பொண்ணு. எழுதி வச்சுக்குங்க."

"ஈஸ்டரா? சித்திரை தாண்டாம நடக்காதுய்யா" என்றார் பெஞ்சில் இருந்தவர். சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர், யார், எவர், எந்தப் பெண் என்று எதுவுமே தெரியாதவர், கையில் இருந்த கப்பைத் திருப்பிப் பார்த்து விமானத்தைக் கண்டுகொண்டு, "வைகாசில வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினார்.

பாலகிருஷ்ணனின் கிரகப்பிரவேசம் எவர்சில்வர் கிண்ணங்களோடு நல்லபடியாக நடந்தது. கப்புகளைக் கொளஞ்சிநாதன் மறுபடி வார்த்துக் கொடுத்தார். எப்போது என்று பாலகிருஷ்ணன் இந்த முறை கேட்கவில்லை, இவராகவும் சொல்லவில்லை.

வேல்விழி? கூடுதல் வகுப்பு நடந்தது. கால் போக வேண்டிய நேரத்தில் போனது. பிறகு டெஸ்ட். தேறினாள். அம்மாவுக்குத்தான் முதலில் சொன்னாள். பானுமதி வகுப்பில் பின்னங்களை நடத்திக்கொண்டிருந்தவர், போனை வைத்துவிட்டு, அன்றைக்கு எல்லாருக்கும் சரி போட்டுவிட்டார். அப்பாவிடம் சொன்னபோது, "நல்லா ஆறிடுச்சா?" என்று மட்டும் கேட்டாராம். இனி நிஜ விமானம் இருக்கிறது, உரிமப் பதிவு இருக்கிறது, பின்னால் உட்கார்ந்து பார்ப்பது இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுவது இருக்கிறது, கடைசிச் சோதனை இருக்கிறது. இடையிடையே காத்திருப்பும் இருக்கிறது.

விரிசல் விட்ட மாசி மகக் கப்புகளையும் ஆசீர்வாதம் விடவில்லை. டீ ஒழுகாது, மெல்லிய கீறல்தான் என்று வாங்கி வைத்திருக்கிறார். கடையில் அவற்றுக்கு ஒரு தனி அடுக்கு உண்டு. வேல்விழி எப்போது பறப்பாள் என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் அதில்தான் ஊற்றுகிறார்.

இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்து வந்தீர்கள். கொளஞ்சிநாதனைப் பார்த்துச் சிரித்தீர்கள், பாலகிருஷ்ணனுக்காக உச்சுக்கொட்டினீர்கள். எல்லாம் சரி. ஆனால் கடைசிப் பத்திகளில் உங்கள் கண் கொஞ்சம் வேகமாக ஓடியதே, அது எதைத் தேடி ஓடியது? "சரி, அப்புறம் எப்போதான் பறந்தாள்?" என்றுதானே?

வாருங்கள். உங்களுக்கும் ஒரு மாசி மகம் கழுவி வைத்திருக்கிறது.